பழைய பிளகின் பதிப்புகளை இணையம் இல்லாத கணினியில் வைத்துக்கொண்டு வேலை செய்வது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஓராண்டாக ஒரு மூத்த மிக்ஸிங் பொறியாளரிடம் உதவியாளராகப் பணியாற்றி வருகிறேன். அவருடைய ஸ்டூடியோவில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்று புதியது, டிஏடபிள்யூ (ஒலியைப் பதிந்து தொகுக்கும் மென்பொருள்) முதல் பிளகின்கள் (அதற்குள் இயங்கி ஒலியை மாற்றும் சிறு மென்பொருள்கள்) வரை அதில் எல்லாமே அண்மைப் பதிப்புகள். மற்றொன்று பத்தாண்டுகளுக்கு முற்பட்டது. அதன் பக்கவாட்டில், “நெட் கொடுக்க வேண்டாம், எதையும் அப்டேட் செய்ய வேண்டாம்” என்று அவர் கைப்பட எழுதிய தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. நான் வேலையில் சேர்ந்த அன்று அவர் எனக்கு இட்ட முதல் கட்டளையும் அதுதான்.

புதிய கணினி பல மடங்கு வேகமானது. இருந்தும் முக்கியமான பாடல்கள் வரும்போது அவர் பழைய கணினியின் முன்தான் உட்காருகிறார். அவர் காது எத்தகையது என்பதை நாள்தோறும் பார்ப்பவன் நான் என்பதால், இதை வெறும் பழக்கம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம் புரியாமல் பின்பற்றவும் விருப்பமில்லை.

ஆகவே நானே ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒரே குரல் டிராக்கை, ஒரே கம்ப்ரசரின் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் பிளகினின்) பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஒரே அமைப்புகளோடு பவுன்ஸ் செய்து (தனி ஆடியோ கோப்பாக எழுதி), ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பி (அலையைத் தலைகீழாக்கி) இரண்டையும் சேர்த்து ஓட்டினேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் முழு மௌனம் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை. பாடகர் “ச”, “ட” போன்ற எழுத்துகளைத் தொடங்கும் இடங்களில் மட்டும் மணல் உரசுவது போன்ற மெல்லிய ஒலி மிஞ்சியது. எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் பிளகின் ஒன்றிலும் இதையே செய்தேன். அதில் மிச்சம் மிக அதிகமாக இருந்தது.

என் ஐயங்கள் இவை: இந்த வேறுபாடு உண்மையிலேயே பொருட்படுத்தத் தக்கதா? பெயரும் முகப்பும் மாறாத ஒரு பிளகினின் ஒலி ஏன் மாறுகிறது? இணையத்தைத் துண்டித்து வைப்பதற்கும் பழைய பதிப்புக்கும் என்ன தொடர்பு? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

நானும் மிக்ஸிங் வேலைதான் செய்கிறேன். உங்கள் ஆசிரியரைப் போலவே ஒரு பழைய கணினியைக் காத்து வருகிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட விரும்புகிறேன். பழைய பதிப்பு புதியதைவிட இனிமையாக ஒலிக்கிறது என்பதற்காக நான் அதை வைத்திருக்கவில்லை. சில நேரங்களில் புதியதுதான் நன்றாக இருக்கிறது. நான் வைத்திருப்பது, முடித்துக் கொடுத்த வேலையை மறுபடி திறக்க முடிய வேண்டும் என்பதற்காக.

செஷன் கோப்பில், அதாவது ஒரு பாடலின் வேலையை டிஏடபிள்யூ சேமித்துவைக்கும் கோப்பில், ஒலி இருப்பதாகவே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அதில் இருப்பவை பதிவு செய்த ஆடியோவுக்கான சுட்டிகளும், ஒவ்வொரு பிளகினின் குமிழ்கள் எந்த இடத்தில் நிற்கின்றன என்ற எண்களும் மட்டுமே. அந்த எண்களை ஒலியாக்கும் வேலை பிளகினுடையது. பிளகின் இல்லாத செஷன், வீணை இல்லாமல் ஸ்வரத்தாளை மட்டும் கையில் வைத்திருப்பதற்குச் சமம்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் முடித்த ஒரு பாடலில் ஒரே ஒரு சொல்லை மாற்றிப் பாடிச் சேர்த்துத் தர வேண்டும் என்று இசையமைப்பாளர் கேட்டார். அரை மணி நேர வேலை என்று ஒப்புக்கொண்டேன். இடையில் கணினியை மாற்றியிருந்தேன். செஷனைத் திறந்தால், குரல் டிராக்கின் ஐந்து இன்சர்ட்களில் (பிளகின் செருகும் இடங்களில்) இரண்டு சாம்பல் நிறத்தில், பெயர் மட்டும் தெரிய, செத்துக் கிடந்தன. மூன்றாவது திறந்தது, ஆனால் குரலின் முன்பகுதி மங்கிவிட்டது. பழைய சொற்களுக்கு நடுவே புதிய சொல்லைப் பொருத்த இரண்டு நாள் போராடினேன். இறுதியில் அந்த ஒரு சொல் வேறு அறையில் நின்று பாடியது போலவே இருந்தது. அவர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார் என்றாலும், இன்றும் அந்தப் பாடலைக் கேட்டால் என் காது அந்த இடத்தில்தான் போய் நிற்கிறது.

பிளகின்கள் இப்படி மறைந்துபோவது அரிதன்று. 2013 இல் வந்த புரோ டூல்ஸ் 11 என்ற டிஏடபிள்யூ, 64-பிட் ஏஏஎக்ஸ் வடிவப் பிளகின்களை மட்டும் ஏற்றது. ஆர்டிஏஎஸ், டிடிஎம் என்ற பழைய பிளகின் வகைகள் பதிப்பு 10 உடன் நின்றன. பழைய வேலைகளுக்குத் தேவைப்படும் என்பதை உணர்ந்து, இரண்டு பதிப்புகளையும் ஒரே கணினியில் நிறுவிக்கொள்ள அதைத் தயாரிக்கும் அவிட் நிறுவனமே வழி செய்து கொடுத்தது. 2019 அக்டோபரில் வெளியான மேக்ஓஎஸ் கேட்டலினா 32-பிட் மென்பொருள்களை அடியோடு கைவிட்டது. கேமல் ஆடியோ என்ற சிறிய நிறுவனம் 2015 இல் தன் விற்பனையை நிறுத்தியது. ஆப்பிள் அதை வாங்கியிருந்தது. அதன் ஆல்கெமி சிந்தசைசர் அதே ஆண்டு ஆப்பிளின் டிஏடபிள்யூவான லாஜிக் புரோ எக்ஸ் 10.2 இல் புது வடிவில் வந்தது. மற்ற பிளகின்களுக்கு அந்த வாழ்வு கிடைக்கவில்லை. அவற்றில் ஒன்றான கேமல்கிரஷரை இன்றும் பழைய கணினிகளில் போற்றி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

ஒலிக்காகவே பழைய பதிப்பை நாடுவோரும் உண்டு. அவர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். பாடகரின் சுருதியைத் திருத்தும் பிளகினான ஆன்டரீஸ் நிறுவனத்தின் ஆட்டோ-டியூன் 1997 இல் வந்தது. அதன் ஐந்தாம் பதிப்பு சுருதியைப் பற்றி இழுக்கும் விதம் தங்களுக்கு வேண்டும் என்று ஏராளமான பாடகர்களும் தயாரிப்பாளர்களும் விடாமல் கேட்டதால், 2018 இல் வெளியான ஆட்டோ-டியூன் புரோவில் “கிளாசிக்” என்ற தனி முறையை அந்த ஒலிக்காகவே சேர்த்தார்கள். செய்தவர்களே ஒப்புக்கொண்ட வேறுபாட்டை வெறும் பிரமை என்று சொல்லிவிட முடியாது.

பதில் 2

நான் ஆடியோ பிளகின்களை எழுதும் நிரலாளர். கேள்வியின் நடுப்பகுதிக்கு, அதாவது பெயர் மாறாமல் ஒலி மட்டும் ஏன் மாறுகிறது என்பதற்கு, விடை சொல்ல முயல்கிறேன்.

அதற்கு முன் உங்கள் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. கம்ப்ரசரில் நீங்கள் கண்டது பெரும்பாலும் உண்மையான வேறுபாடாகவே இருக்கும். ரிவெர்ப் விஷயத்தில் அவசரப்பட்டு முடிவுக்கு வர வேண்டாம். பல ரிவெர்ப்களில், எதிரொலியின் வால் உலோகம் போலக் கணகணக்காமல் இருப்பதற்காகத் தாமதக் கோடுகளை (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் தரும் பகுதிகளை) தொடர்ந்து லேசாக அசைத்துக்கொண்டே இருப்போம். அந்த அசைவு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு புள்ளியில் தொடங்கினால், ஒரே பதிப்பை இரண்டு முறை பவுன்ஸ் செய்து கழித்தாலும் மௌனம் கிடைக்காது. கோரஸ் பிளகின்கள், டேப் ஒலியைப் போலச் செய்பவை, இரைச்சலைச் சேர்த்து அனலாக் கருவிகளைப் போலச் செய்பவை ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆகவே பழையதைப் பழையதோடு முதலில் கழித்துப் பாருங்கள். அதில் மிஞ்சுவதைவிடப் புதியதோடு கழிக்கும்போது கூடுதலாக மிஞ்சினால்தான் அது பதிப்பின் வேறுபாடு.

இனி காரணங்கள். மிகச் சாதாரணமானது ஓவர்சாம்பிளிங், அதாவது பிளகினுக்குள் ஒலியை வினாடிக்கு இன்னும் அதிகப் புள்ளிகளில் கணக்கிடுவது. பழைய பதிப்பில் அது இல்லாமலோ இரண்டு மடங்காகவோ இருந்திருக்கும்; கணினிகள் வேகமானதும் அடுத்த பதிப்பில் நான்கு மடங்காக்கி, அதையே இயல்பு அமைப்பாகவும் வைத்துவிடுகிறோம். மடிந்து திரும்பும் தேவையற்ற ஒலிகள் குறைகின்றன. அளவுகோலின்படி அது முன்னேற்றம். ஆனால் குரலின் மேற்பகுதியில் இருந்த ஒரு சிறு கரகரப்பைத் தன் மிக்ஸின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ப மற்ற வாத்தியங்களை அமைத்தவருக்கு அது இழப்பு. கம்ப்ரசரில் சமிக்ஞையை முன்கூட்டியே பார்க்கும் நேரத்தையோ, அட்டாக் வளைவையோ (அது ஒலியை அழுத்தத் தொடங்கும் விதத்தையோ) நாங்கள் சற்றே திருத்தினாலும், நீங்கள் கேட்டது போல, எழுத்துகள் வெடித்துத் தொடங்கும் இடங்களில்தான் அது முதலில் வெளிப்படும்.

எண்களால் நேரும் விபத்து இன்னும் நுட்பமானது. ஆட்டோமேஷனை (பாடல் ஓடும்போது குமிழ்கள் தானாக நகர்வதற்கான பதிவை) டிஏடபிள்யூ ஹெர்ட்ஸிலோ டெசிபலிலோ சேமிப்பதில்லை. வி.எஸ்.டி. என்ற பரவலான வடிவத்தில் அமைந்த பிளகின்களில் ஒவ்வொரு குமிழும் 0 முதல் 1 வரையிலான ஓர் எண். ஒரு ஃபில்டரின் எல்லை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, மடக்கை அளவில் அமைந்திருந்தால், 0.5 என்பது சுமார் 632 ஹெர்ட்ஸ். பயனர்கள் கேட்டார்கள் என்பதற்காக அடுத்த பதிப்பில் எல்லையை 10 முதல் 30,000 வரை விரித்தால், அதே 0.5 சுமார் 548 ஹெர்ட்ஸாகிவிடும். பிளகின் தானே சேமித்த நிலையில் பதிப்பு எண்ணை எழுதிவைத்து, திறக்கும்போது பழைய எண்களைப் புதிய அளவுக்கு மாற்றிக்கொள்ள எங்களால் முடியும்; கவனமுள்ளவர்கள் அப்படித்தான் செய்கிறோம். டிஏடபிள்யூவில் வரையப்பட்டிருக்கும் ஆட்டோமேஷன் கோட்டை மட்டும் எங்களால் தொட முடியாது. பாடல் முழுவதும் சரியாக ஓடி, ஆட்டோமேஷன் உள்ள நான்கு வரிகளில் மட்டும் ஒலி பிசகுவது பல நேரங்களில் இதனால்தான்.

அடுத்தது அடையாளம். வி.எஸ்.டி. 2 பிளகினை டிஏடபிள்யூ நான்கு எழுத்துக் குறியீடு ஒன்றால் அடையாளம் காண்கிறது. 2008 இல் வந்த வி.எஸ்.டி. 3 இல் அது 128-பிட் எண். ஆகவே ஒரே பிளகினின் இரு வடிவங்களும் டிஏடபிள்யூவின் கண்ணுக்கு இரு வேறு பொருள்கள். இணைத்துவைக்க வழிமுறை இருக்கிறது என்றாலும் எல்லா நிறுவனங்களும் அதைச் செய்யவில்லை. வி.எஸ்.டி. 2 க்கான மேம்பாட்டுத் தொகுப்பை, அந்த வடிவத்தை உருவாக்கிய ஸ்டைன்பெர்க் நிறுவனம் 2018 இல் நிறுத்திவிட்டது. தன் மென்பொருள்களிலிருந்து அந்த வடிவத்துக்கான ஆதரவை இரண்டாண்டுக்குள் விலக்கிக்கொள்ளப் போவதாக 2022 ஜனவரியில் அறிவித்தது.

பழைய பதிப்பின் ஒலி நிரலையும் புதியதற்குள் வைத்துக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். சிலர் கொடுக்கிறார்கள். ஆனால் பழைய நிரலின் ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு புதிய இயங்குதளத்திலும் புதிய சிப்பிலும் சோதித்துத் தர வேண்டியிருக்கிறது. மூன்று பேர் கொண்ட எங்கள் குழுவுக்கு அது மிகப் பெரிய சுமை. எங்களால் இயலாததை உங்கள் பழைய கணினி செய்கிறது. அதற்காக எங்கள் மீது வருத்தம் வேண்டாம். பழைய இன்ஸ்டாலர்களை நாங்கள் தளத்திலிருந்து நீக்கினால் மட்டும் தயங்காமல் வருத்தப்படுங்கள், அதற்கு நியாயம் இருக்கிறது.

பதில் 3

இணையத்தைத் துண்டிப்பது பற்றி மட்டும் சொல்கிறேன். நான் திரைப்பட ஒலிக்கலவையில் இருக்கிறேன். வெளிவராத படத்தின் காட்சிகள் இருக்கும் கணினிகளை இணையத்தோடு சேர்க்கக் கூடாது என்பது எங்கள் துறையில் நெடுநாளைய நியதி, எம்.பி.ஏ. என்ற அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்களின் கூட்டமைப்பு வெளியிடும் உள்ளடக்கப் பாதுகாப்பு நெறிகளும் அதை வலியுறுத்தி வந்திருக்கின்றன. ஆகவே சில நாட்களுக்கொரு முறை சர்வரைக் கேட்டுத்தான் திறப்பேன் என்று சொல்லும் பிளகின் எங்களுக்குப் பயன்படாது. உரிமத்தைக் கோப்பாகவோ, சீரியல் எண்ணாகவோ, யூஎஸ்பி டாங்கிளிலோ (உரிமத்தைத் தாங்கும் சிறு செருகியிலோ) கொடுத்த பழைய பதிப்பு இருந்தால் அதைத்தான் வைத்துக்கொள்கிறோம். இணையம் இல்லாத கணினி ஒரு கோரிக்கைக் குறியீட்டைக் காட்ட, அதை வேறொரு கணினியில் உள்ளிட்டு விடைக் குறியீட்டை எழுதிக்கொண்டு வரும் முறையும் எங்களுக்குப் போதுமானது.

தானாக நடக்கும் அப்டேட்டும் எங்களுக்குப் பகைதான். திங்கட்கிழமை கேட்ட ரீலை (படத்தின் ஒரு பகுதியை) வெள்ளிக்கிழமை மீண்டும் கேட்கும்போது, நாங்கள் தொடாத எதுவும் மாறியிருக்கக் கூடாது.

பதில் 4

மேலே சொன்னவற்றின் உண்மையை மறுக்காமல், மறுபக்கத்தையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய கணினியைப் பாதுகாப்பது ஒன்று. புதிய வேலையை அதில் தொடங்குவது வேறொன்று. முதலாவதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். இரண்டாவதைச் செய்பவர், நாளை திறக்க முடியாத செஷன்களின் எண்ணிக்கையைத் தம் கையாலேயே கூட்டிக்கொண்டு போகிறார். ஹார்ட் டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் ஆயுள் உண்டு. அந்தக் கணினி ஒரு நாள் காலையில் எழாமல் போனால், அதன் உரிமங்களை இன்னொன்றில் உயிர்ப்பிக்க அந்த நிறுவனத்தின் சர்வர் அன்றைக்கு இருக்க வேண்டுமே!

இதற்கு அண்மைச் சான்று இருக்கிறது. ஸ்டைன்பெர்க்கின் இ-லைசென்சர் என்ற உரிமச் சேவை 2025 மே மாதத்தோடு முடிவுக்கு வந்தது. டாங்கிளில் இருக்கும் உரிமம் அந்த டாங்கிள் உயிரோடிருக்கும் வரை வேலை செய்யும். அதற்குப் பின் புதுப்பித்துத் தர எவரும் இல்லை. அந்நிறுவனத்தின் டிஏடபிள்யூவான கியூபேஸின் பழைய பதிப்பை நம்பி வேலை செய்பவர்களின் பத்தாண்டு உழைப்பு விரல் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டில் தொங்குகிறது.

சந்தா மீதான அச்சமும் பலரைப் பழைய பதிப்புகளில் நிறுத்தி வைக்கிறது. அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2023 மார்ச்சில் வேவ்ஸ் என்ற பிளகின் நிறுவனம் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா மட்டுமே என்று அறிவித்தது. பயனர்கள் கொதித்தெழுந்ததும் சில நாட்களுக்குள் நிரந்தர உரிமத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. முடிவு மாறியது நல்லதே. ஆனால் ஒரே அறிவிப்பில் தம் கருவிகளின் நிலை மாறிவிடலாம் என்பதை அந்த வாரத்தில் எல்லோரும் கண்டுகொண்டார்கள்.

கடைசியாக, ஆஃப்லைன் பதிப்பு என்ற பெயரில் உலவும் உடைத்த பிரதிகளைப் பற்றி இங்கு வரும் இளையவர்களுக்காகச் சொல்கிறேன். பணம் கொடுத்து வாங்கிய பழைய பதிப்பை இணையமின்றி வைத்திருப்பதும், பூட்டை உடைத்த பிரதியை இணையத்துக்கு அஞ்சித் துண்டித்து வைப்பதும் ஒன்றல்ல. 2019 இல் ஈசெட் பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்து லவுட்மைனர் என்று பெயரிட்ட நாசநிரல், உடைத்த வி.எஸ்.டி. பிளகின்களுக்குள் ஒளிந்துதான் பரவியது. மறைவாகக் கிரிப்டோ நாணயம் தோண்டியது. ஆடியோ கணினிகளின் செயலி எப்போதும் கடுமையாக உழைத்துக்கொண்டே இருப்பதால் கூடுதல் சுமையை எவரும் ஐயுறமாட்டார்கள் என்பதாலேயே நம் துறையை அவர்கள் தேர்ந்தெடுத்திருக்கக்கூடும் என்றும் ஈசெட் கருதியது.

கேட்டவரின் மறுமொழி

எல்லோருக்கும் நன்றி. பதில் 2 இல் சொன்னபடி பழைய ரிவெர்ப்பை அதனோடே கழித்துப் பார்த்தேன். மிச்சம் ஏறக்குறைய முன்பு வந்த அளவுக்கே வந்தது. ஆக, ரிவெர்ப்பில் நான் பதிப்பின் மீது சுமத்திய பழி தவறு. கம்ப்ரசரைப் பழையதோடு பழையதாகக் கழித்தபோது முழு மௌனம். அங்கே மட்டும் வேறுபாடு உண்மை. இதை என் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் கேட்டுவிட்டு, “கணினி போய்விட்டால் என்ன செய்வது என்று நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்” என்றார். அந்தக் கணினியில் நான்கு டெராபைட் செஷன்கள் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது?

பதில் 1 எழுதியவரின் மறுமொழி

பிளகின்களிலிருந்து தொடங்காதீர்கள், ஆடியோவிலிருந்து தொடங்குங்கள். எந்தப் பாடல் திரும்பி வரக்கூடும் என்று உங்கள் ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும். அவற்றை முதலில் எடுத்து, ஒவ்வொரு டிராக்கையும் பாடலின் தொடக்கப் புள்ளியிலிருந்தே, 32-பிட் ஃபுளோட்டிங் பாயின்ட் வேவ் கோப்பாக எழுதிவையுங்கள். எஃபெக்ட் எதுவும் இல்லாமல் ஒன்று, எஃபெக்ட்டோடு ஒன்று என இரண்டு பிரதிகள் வேண்டும். ரிவெர்ப், டிலே ஆகியவற்றைத் தனி டிராக்குகளாகப் பிரித்து எழுதுங்கள். மாஸ்டர் பஸ்ஸில் (எல்லா டிராக்குகளும் வந்து சேரும் இறுதித் தடத்தில்) கம்ப்ரசர் இருந்தால் அதை நீக்கிவிட்டு ஸ்டெம்களை (பாடலைப் பகுதி பகுதியாகப் பிரித்த கோப்புகளை) எழுதி, அது இருக்கும் நிலையில் முழு மிக்ஸையும் ஒப்பிடுவதற்காகச் சேர்த்து வையுங்கள். பஸ் கம்ப்ரசர் எல்லா வாத்தியங்களையும் ஒன்றாகக் கேட்டுத்தான் இயங்குகிறது என்பதால், தனித்தனி ஸ்டெம்களில் அதன் வேலை சரியாகப் பதியாது. வேவ் கோப்பு 1991 முதல் இருக்கிறது. அதைத் திறக்க எந்தச் சர்வரின் அனுமதியும் தேவையில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கணினியின் சிஸ்டம் டிஸ்க்கை முழுமையாக குளோன் செய்து (அப்படியே நகலெடுத்து), குளோனிலிருந்து ஒரு முறையாவது கணினியை எழுப்பிப் பாருங்கள். எழுப்பிப் பார்க்காத குளோனை நம்பக் கூடாது. சில உரிமங்கள் டிஸ்க் மாறினாலே பூட்டிக்கொள்ளும் என்பதால், எவை திறக்கின்றன, எவை அடம்பிடிக்கின்றன என்பதை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத் தளத்திலிருந்து ஒவ்வொரு பிளகினின் முழு இன்ஸ்டாலரையும் இறக்கி வையுங்கள். இணையத்திலிருந்து மீதியை இழுக்கும் சிறிய டவுன்லோடரை மட்டும் வைத்துக்கொண்டால், சர்வர் நின்ற அன்று அது உதவாது.

ஒவ்வொரு செஷன் ஃபோல்டரிலும் ஓர் எளிய உரைக்கோப்பு இருக்கட்டும்: டிஏடபிள்யூ பதிப்பு, பிளகின்களின் பெயரும் பதிப்பு எண்ணும், சாம்பிள் ரேட், பாடலின் வேகம். பத்து நிமிட வேலைதான். கம்ப்ரசரில் நீங்கள் கண்ட அந்த “ச”, “ட” வேறுபாட்டையும், எந்தப் பதிப்புக்கும் எந்தப் பதிப்புக்கும் இடையில் அது வந்தது என்பதையும் அதில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.